நாற்காலியை விட்டெழுந்த தலைவி

ஒரு தலைவரின் பெருமையை எதைக் கொண்டு அளப்பது?

அவர் எத்தனை ஆண்டுகள் பொறுப்பில் இருந்தார் என்று எண்ணிப் பார்ப்பது நம் வழக்கம். வெள்ளி விழா எடுக்கிறோம். பொன்விழா மலர் வெளியிடுகிறோம். "இவரை விட்டால் வேறு ஆளில்லை" என்பதைப் பாராட்டு மொழியாகவே மேடைகளில் முழங்குகிறோம். வேறு ஆளில்லை என்பது அந்தத் தலைவருக்குப் புகழா, இகழா என்று நின்று நிதானித்து யோசிப்பவர் சிலரே.

வாசக நேயர்களே! அமெரிக்காவில் வாழும் ஓர் ஏழைச் சமுதாயத்தின் பிள்ளைகளுக்காகத் தொண்டு நிறுவனம் ஒன்றைத் தோற்றுவித்து, அது வேரூன்றி நிற்கத் தொடங்கிய ஐந்தாம் ஆண்டிலேயே தம் நாற்காலியைப் பிறருக்கு விட்டுக்கொடுத்து எழுந்து சென்ற ஒரு பெண்மணியை இம்மாதம் அறிமுகம் செய்துகொள்வோம். அவர் பெயர் அன்டோனியா பன்டோஹா. அவர் தோற்றுவித்த நிறுவனத்தின் பெயர் அஸ்பிரா.

குடிமக்களாயிருந்தும் அயலவர்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் வாழும் ஸ்பானிய மொழி வழிவந்த மக்களையும் தென் அமெரிக்க, நடு அமெரிக்க நாடுகளின் வழிவந்தவர்களையும் லத்தீனோக்கள் என்று அழைக்கின்றனர். 2020ஆம் ஆண்டின் மக்கள் தொகைக் கணக்குப்படி அவர்கள் ஏறத்தாழ 6 கோடியே 21 லட்சம் பேர். மெக்சிகோவிலிருந்து வந்தோர், கியூபாவிலிருந்து வந்தோர் எனப் பல பிரிவினர் அவர்களுள் அடங்குவர். போர்ட்டோ ரிக்கோ தீவினரும் அவர்களுள் ஒரு பிரிவினர்.

போர்ட்டோ ரிக்கோ கரீபியக் கடலில் உள்ள சிறு தீவு. நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த அத்தீவை 1898ஆம் ஆண்டுப் போரின் முடிவில் அமெரிக்கா கைப்பற்றியது. 1917இல் அத்தீவினருக்கு அமெரிக்கக் குடியுரிமை வழங்கப்பட்டது. ஆகவே, அவர்கள் நியூயார்க்கிற்குச் செல்லக் கடவுச்சீட்டோ விசாவோ தேவையில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிழைப்புத் தேடி அவர்கள் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டனர். 1940இல் நியூயார்க் நகரில் ஏறத்தாழ 61,000 பேராக இருந்த அச்சமுதாயம் 1960இல் 6 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இருபதே ஆண்டுகளில் பத்து மடங்கு!

ஏட்டளவில் அவர்கள் குடிமக்கள், நடைமுறையில் அயலவர். தையற்கூடங்களிலும் உணவு விடுதிகளின் பின்கட்டுகளிலும் குறைந்த கூலிக்கு உழைத்தனர். நியூயார்க் மாநிலத்தில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்க ஆங்கில எழுத்தறிவைக் காட்ட வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. தங்கள் தீவில் ஸ்பானிய மொழியில் பள்ளிப்படிப்பு முடித்தவரும் இவ்விதியால் வாக்குரிமை இழந்து நின்றனர். 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டம் வந்த பிறகே இத்தடை நீங்கியது.

இந்த இன்னலின் முழுப் பாரமும் இறங்கிய இடம் பள்ளிக்கூடம். வகுப்பில் ஆசிரியர் பேசுவது பிள்ளைக்கு விளங்காது. பிள்ளை பேசாமல் இருப்பதைக் கண்டு அறிவுக்குறைவு என்று ஆசிரியர் முடிவு கட்டுவார். தாயை அழைத்துப் பேசலாம் என்றால் தாய்க்கும் ஆங்கிலம் தெரியாது. அந்தப் பிள்ளையே மொழிபெயர்ப்பாளனாகித் தன்னைப் பற்றிய குறையைத் தன் தாயிடம் தன் வாயாலேயே சொல்ல வேண்டும்! உயர்நிலைப் பள்ளியை எட்டிய சிலரையும், "கல்லூரி உனக்கு ஒத்துவராது, கைத்தொழில் கற்றுக்கொள்" என்று தொழிற்பயிற்சிப் பிரிவுக்கு அனுப்பிவைப்பது வழக்கமாயிருந்தது.

விளைவு என்ன? 1963இல் நியூயார்க் நகரப் பள்ளிகள் கல்லூரிப் படிப்புக்குத் தகுதி தரும் பட்டயங்கள் ஏறத்தாழ 21,000 வழங்கின. அவற்றுள் போர்ட்டோ ரிக்கோச் சமுதாயப் பிள்ளைகள் பெற்றவை 331. நூற்றுக்கு இரண்டுகூட இல்லை. ஒரு தலைமுறையே படிப்பின் வாசலில் தடுத்து நிறுத்தப்பட்டிருந்தது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

தொழிற்சாலையிலிருந்து கல்லூரிக்கு

அன்டோனியா பன்டோஹா 1922இல் போர்ட்டோ ரிக்கோவின் தலைநகரான சான் ஹுவானில் பிறந்தார். வறுமையே அவர் வளர்ந்த வீட்டின் நிலை. பாட்டனாரின் அரவணைப்பில் வளர்ந்தார். புகையிலைத் தொழிற்சாலையில் உழைத்தவர் அப்பாட்டனார். தனியொருவனின் கூக்குரல் எடுபடாத இடத்தில் பலர் சேர்ந்து எழுப்பும் குரலுக்கு மதிப்புண்டு என்னும் பாடத்தைத் தொழிலாளர் போராட்டங்களிலிருந்து அச்சிறுமி பள்ளிக்குப் போகும் வயதிலேயே கற்றுக்கொண்டாள்.

ஆசிரியப் பயிற்சி பெற்று, 1942 முதல் இரண்டாண்டுகள் தீவின் ஊர்ப்புறப் பள்ளியில் பாடம் நடத்தினார். 1944இல், தம் 22ஆம் வயதில், நியூயார்க் வந்து சேர்ந்தார். தீவில் ஆசிரியை, நியூயார்க்கில் தொழிற்சாலையில் உலோகத் துண்டுகளைப் பற்றவைக்கும் கூலித்தொழிலாளி. ஆனால், பகலில் பற்றவைப்புக் கருவியைப் பிடித்த கை இரவில் புத்தகத்தைப் பிடித்தது. உதவித்தொகை கிடைத்து ஹண்டர் கல்லூரியில் 1952இல் இளங்கலைப் பட்டமும், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1954இல் சமூகப் பணியில் முதுகலைப் பட்டமும் பெற்றார்.

தனக்கு வழி கிடைத்ததும் தன் கூட்டத்தை மறந்து நடப்பவர் உலகில் உண்டு. பன்டோஹா அந்த வழியே திரும்பிப் பார்த்தார். 1950களின் தொடக்கத்தில், படித்த இளைஞர் சிலரைச் சேர்த்துக்கொண்டு சமுதாயச் சங்கம் ஒன்றை அமைத்தார். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில் போர்ட்டோ ரிக்கோ மன்றம் என்னும் அமைப்பைத் தோழர்களோடு நிறுவினார். அந்த மன்றத்தில் கருக்கொண்டு 1961இல் பிறந்ததே அஸ்பிரா.

பருந்தை எதிர்க்கும் சிறுகுருவி

அஸ்பிரா என்பது ஸ்பானியச் சொல். "உயர்வை நாடு" என்று ஏவும் வினைச்சொல் அது. ஏழைகளுக்காக நடத்தப்படும் அமைப்புகளின் பெயர்களில் பெரும்பாலும் உதவி, நிவாரணம், மறுவாழ்வு போன்ற சொற்களே இருக்கும். அப்பெயரைக் கேட்டதுமே அதில் சேருகிறவனுக்குத் தலை சற்றுத் தாழும். பன்டோஹா இதை நன்றாக அறிந்திருந்தார். ஆகையால், சேருகிறவனின் தலையை நிமிர்த்தும் பெயரைத் தேடி எடுத்தார்.

அதன் சின்னம் பித்திர்ரே என்னும் சிறு பறவை. போர்ட்டோ ரிக்கோவில் காணப்படும் இக்குருவி, தன் கூட்டை நெருங்கும் பருந்தைத் துணிந்து துரத்தியடிக்கும். நம் ஊர்க் கரிச்சான் காக்கையையும் பருந்தையும் விரட்டிச் செல்வதைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சின்னத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை.

அஸ்பிரா செய்த பணிதான் என்ன? உயர்நிலைப் பள்ளிகளில் மாணவர் மன்றங்களை அமைத்தது. மன்றத்தின் தலைவரையும் செயலாளரையும் மாணவர்களே தங்களுக்குள் தேர்ந்தெடுத்தனர். வாரந்தோறும் கூடித் தங்கள் தீவின் வரலாற்றைப் படித்தனர். கல்லூரிகளை நேரில் சென்று பார்த்தனர். விண்ணப்பப் படிவத்தை நிரப்புவது எப்படி, உதவித்தொகைக்கு எழுதுவது எப்படி என்று வழிகாட்டிகள் அருகிலிருந்து கற்றுக்கொடுத்தனர். வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த ஒருவர்கூட இல்லாத பிள்ளைக்கு இந்தச் சிறு உதவியே பெரிய பாலம்.

மூன்று படிகளைக் கொண்டதாக அஸ்பிராவின் பயிற்சி முறை வகுக்கப்பட்டது. முதற்படி, தன்னையும் தன் சமுதாயத்தின் நிலையையும் அறிதல். இரண்டாம் படி, அந்நிலைக்குக் காரணம் என்ன என்று ஆராய்தல். மூன்றாம் படி, அதை மாற்றச் செயலில் இறங்குதல். இம்மூன்றையும் உற்று நோக்கினால் பன்டோஹாவின் உள்ளக் கிடக்கை விளங்கும். ஒரு மாணவனைக் கல்லூரிக்கு அனுப்புவதோடு அவர் நிறைவடையவில்லை. அம்மாணவன் படித்து முடித்துத் தன் மக்களிடம் திரும்பி வந்து அவர்களை நடத்திச் செல்ல வேண்டும் என்று விரும்பினார். அஸ்பிரா அவருக்குத் தலைவர்களை விளைவிக்கும் நாற்றங்கால்.

இன்னொன்றிலும் அவர் உறுதியாக நின்றார். அதுவரை இச்சமுதாயத்திற்கு உதவி செய்த அமைப்புகள் பலவும் பிறரால் நடத்தப்பட்டவை. நல்லெண்ணம் கொண்டவர்கள்தாம், ஆயினும் முடிவெடுக்கும் மேசையைச் சுற்றி அமர்ந்தவர்கள் அவர்களே. அஸ்பிராவுக்கு அறக்கட்டளைகளின் நன்கொடையை நாடிப் பெற்ற பன்டோஹா, நிர்வாகத்தைத் தம் மக்களின் கையிலேயே வைத்தார். பொருள் வெளியிலிருந்து வரலாம். பொறுப்பு உள்ளிருந்தே வர வேண்டும் என்பது அவர் கொள்கை.

எழுந்து சென்றார்

1966இல் பன்டோஹா அஸ்பிராவின் நிர்வாக இயக்குநர் பொறுப்பிலிருந்து விலகினார். பூசல் என்று எவரும் எண்ண வேண்டாம். அவருக்காகப் பல பணிகள் காத்திருந்தன. அஸ்பிராவை நடத்த ஆட்கள் உருவாகியிருந்தனர். தொடக்க நாளிலிருந்து உடன் உழைத்த லூயிஸ் நூன்யேஸ் அப்பொறுப்பை ஏற்றார். அவரும் அங்கேயே நிலைத்துவிடவில்லை. பிற்காலத்தில் நாட்டின் குடிமையுரிமை ஆணையத்தில் உயர்பொறுப்பு வகித்தார். பின்னர் தேசியப் போர்ட்டோ ரிக்கோக் கூட்டமைப்பை நடத்தினார்.

பன்டோஹா கொலம்பியாவில் ஆசிரியரானார். நியூயார்க் நகரப் பள்ளி நிர்வாகத்தைப் பகுதிவாரியாகப் பிரித்து மக்களிடம் ஒப்படைப்பது பற்றி ஆராய அமைக்கப்பட்ட குழுவில் உறுப்பினரானார். 1970இல் வாஷிங்டனில் ஆராய்ச்சி மையம் ஒன்றை நிறுவினார். அதிலிருந்தே இருமொழிக் கல்வி நிலையமான போரிக்குவா கல்லூரி கிளைத்தது. தம் ஐம்பதாம் வயதைக் கடந்து 1973இல் முனைவர் பட்டம் பெற்றார். கலிபோர்னியாவின் சான் டியகோ நகரில் சமுதாய மேம்பாட்டுக்கான உயர்கல்வி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். பின்பு பிறந்த தீவுக்குத் திரும்பி, ஊர்ப்புற மக்கள் தங்கள் பொருளாதாரத்தைத் தாங்களே கட்டியெழுப்ப 1980களில் ஓர் அமைப்பைத் தோற்றுவித்தார்.

ஒன்றைத் தொடங்குவார், ஆட்களை உருவாக்குவார், ஒப்படைப்பார், அடுத்ததை நோக்கி நடப்பார். இதுவே அவர் வாழ்க்கையின் போக்கு.

நீதிமன்ற வாசலில்

அவர் விலகிய பின் அஸ்பிரா என்னவாயிற்று? தலைவரின் தரத்தை உரைத்துப் பார்க்கும் கல் இந்தக் கேள்வியே.

நியூயார்க்கில் முளைத்த அது நியூஜெர்சி, பென்சில்வேனியா, இல்லினாய், ஃபுளோரிடா மாநிலங்களிலும் போர்ட்டோ ரிக்கோத் தீவிலும் கிளைவிட்டது. நாளடைவில் பிற லத்தீனோப் பிள்ளைகளுக்கும் அது தாய்வீடாயிற்று. ஆனால் அதன் மிகப் பெரிய போராட்டம் நடந்தது நியூயார்க்கில்தான்.

1972இல் அஸ்பிராவின் நியூயார்க் கிளை, பெற்றோர்களையும் பிள்ளைகளையும் உடன் சேர்த்துக்கொண்டு, நகரக் கல்வி வாரியத்தின் மீது கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டில் தோன்றிய போர்ட்டோ ரிக்கோச் சட்டப் பாதுகாப்பு நிதியத்தின் இளம் வழக்கறிஞர்கள் வழக்கை நடத்தினர். விளங்காத மொழியில் பாடம் நடத்துவது கல்வி மறுப்பே என்பது அவர்கள் வாதம். வழக்கு நடந்துகொண்டிருந்தபோது 1974 ஜனவரியில், சான் பிரான்சிஸ்கோ நகரின் சீன மாணவர்கள் தொடுத்த வழக்கில் நாட்டின் உச்ச நீதிமன்றம் இதே கருத்தை ஏற்றுத் தீர்ப்பளித்தது. நியூயார்க் வாதிகளின் கை வலுப்பட்டது.

1974 ஆகஸ்ட் 29 அன்று இரு தரப்பும் உடன்பட்ட ஆணையில் நீதிபதி மார்வின் ஃபிராங்கல் ஒப்பமிட்டார். ஆங்கிலத்தில் போதிய தேர்ச்சி இல்லாத ஸ்பானிய மொழிப் பிள்ளைகளைத் தேர்வு வைத்துக் கண்டறிய வேண்டும். கணக்கையும் அறிவியலையும் பிற பாடங்களையும் அவர்களுக்கு விளங்கும் மொழியில் நடத்த வேண்டும். அதே வேளையில் ஆங்கிலத்தையும் முறையாகக் கற்பிக்க வேண்டும். மற்றப் பிள்ளைகளிடமிருந்து அவர்களைப் பிரித்து ஒதுக்கக் கூடாது. இவையே ஆணையின் சாரம். அப்போது அஸ்பிராவின் நியூயார்க் கிளையை நடத்தியவர் மாரியோ அங்ளாடா.

ஆணை கையில் வந்துவிட்டால் நீதி வீட்டுக்கு வந்துவிடுமா? வாரியம் காலம் கடத்தியது. அஸ்பிரா விடவில்லை. மீண்டும் நீதிமன்றப் படியேறியது. 1976இல் அதே நீதிபதி கல்வி வாரியத்தை நீதிமன்ற அவமதிப்புக் குற்றத்திற்கு உள்ளாக்கினார். பெற்ற உரிமையைக் காத்து நிற்பதற்குத் தீர்ப்பு நாளின் ஆரவாரத்தைவிடப் பல மடங்கு பொறுமை வேண்டும் என்பதற்கு அந்த ஈராண்டுகள் சான்று.

தோற்றுவித்தவர் அருகில் இல்லாத காலத்தில் இத்தனையும் நடந்தன என்பதைக் கவனியுங்கள்.

நிறையும் குறையும்

நாற்றங்காலில் முளைத்தவர்களும் வயலுக்கு வந்தனர். மாணவப் பருவத்தில் அஸ்பிரா மன்றத்தில் பயின்ற ஃபெர்னாண்டோ ஃபெரர், 1987 முதல் 2001 வரை நியூயார்க் நகரின் பிராங்ஸ் வட்டாரத் தலைவராகப் பணியாற்றினார். 2005இல் நகர மேயர் பதவிக்கு ஜனநாயகக் கட்சியின் வேட்பாளராக நின்றார். திரைக்கலைஞர் ஜிம்மி ஸ்மிட்ஸ் இன்னொருவர். பெயர் வெளியில் வராத ஆசிரியர்கள், செவிலியர்கள், சமூகப் பணியாளர்கள் எத்தனையோ பேர்.

புகழ் மட்டும் பாடிச் செல்வது நேர்மையாகாது. வழக்கில் கிடைத்த ஆணை ஓர் உடன்பாடு. அஸ்பிரா கேட்டதெல்லாம் அதில் இல்லை. ஸ்பானிய மொழிப் பிள்ளைகள் அனைவருக்கும் இருமொழிக் கல்வி வேண்டும் என்றே அது விரும்பியது. ஆங்கிலத்தில் மிகவும் பின்தங்கியோருக்கு மட்டும் என்று ஆணை எல்லை வகுத்தது. ஸ்பானிய மொழியிலேயே பாடம் நடத்தினால் பிள்ளைகள் ஆங்கிலம் கற்பது தாமதமாகும் என்று எதிர்ப்போரின் குரலும் அந்நாட்டில் ஓயவில்லை.

கிளை விட்ட மரத்தில் எல்லாக் கனியும் இனிப்பதில்லை. பிலடெல்பியா நகரில் அஸ்பிராவின் பென்சில்வேனியா அமைப்பு நடத்திய பள்ளிகளின் பணப் பரிமாற்றங்களில் போதிய வெளிப்படை இல்லை என்று அம்மாநிலத்தின் தலைமைத் தணிக்கையாளர் 2018இல் குறை கூறினார். அவற்றுள் இரு பள்ளிகளை 2022இல் நகரக் கல்வித் துறையே திரும்ப எடுத்துக்கொண்டது. நல்ல பெயரும் நல்ல தொடக்கமும் பின்வருவோரின் கணக்குப் புத்தகத்தைத் தாமாகச் சரிபார்த்துவிடா. ஒவ்வொரு தலைமுறையும் தன் நேர்மையைத் தானே நாட்ட வேண்டும்.

எண்ணிப் பார்ப்போம்

1996இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளின்டன், அந்நாட்டுக் குடிமக்களுக்குரிய மிக உயரிய விருதான சுதந்திரப் பதக்கத்தைப் பன்டோஹாவுக்கு அணிவித்தார். அதைப் பெற்ற முதல் போர்ட்டோ ரிக்கோப் பெண்மணி அவரே. 2002ஆம் ஆண்டு மே மாதம் நியூயார்க்கில் அவர் காலமானார். அவர் தொடங்கிய அமைப்புகளுள் எதுவும் அன்று தலைவரின்றித் திகைத்து நிற்கவில்லை. அவற்றின் நாற்காலிகளை அவர் முன்பே பிறருக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

நம்மிடையேயும் சங்கங்கள் உண்டு. கல்வி நிலையங்கள் உண்டு. உதவி நிதிகள் உண்டு. அவற்றை வியர்வை சிந்தி வளர்த்த பெரியவர்களும் உண்டு. அவர்களுடைய உழைப்பை எவரும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அன்போடும் பணிவோடும் அவர்களிடம் சில கேள்விகளை நாம் கேட்கலாம். உங்களுக்குப் பின் பொறுப்பேற்கப் போகிறவர் யார்? அவருக்கு இன்று வயது என்ன? வரவு செலவுப் புத்தகத்தை அவரிடம் ஒரு முறையேனும் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? கூட்டத்தை ஒரு நாள் அவரை நடத்தச் சொல்லிவிட்டு, நீங்கள் பின்வரிசையில் அமர்ந்து கேட்டதுண்டா? கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கும் இளைஞனிடம், "நீ என்ன நினைக்கிறாய்?" என்று வினவியதுண்டா?

இல்லையென்றால், அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம்.